மூவாருக்குப் போகும் காற்று கூலாய்க்குப் போவதாகத் தெரிவது ஏன்?

புகைமூட்டக் காலம் வந்துவிட்டால் கைப்பேசியில் காற்று வரைபடம் பார்ப்பது இப்போது வீட்டுக்கு வீடு நடக்கும் காரியம். சுமத்ராவிலிருந்து கிளம்பும் அம்புக்குறிகள் நெளிந்து நெளிந்து மலாக்கா நீரிணையைக் கடக்கின்றன. மூச்சிரைப்புள்ள பிள்ளையை வைத்திருக்கும் அம்மா, அந்த அம்பு தம் ஊர்ப் பக்கம் திரும்புகிறதா என்று பார்க்கிறார். ஆண்டு இறுதியில் கிழக்குக் கரையில் படகு வைத்திருப்பவரும் அதே வரைபடத்தைத்தான் திறக்கிறார்.

அந்த அம்புகள் ஒவ்வொன்றும் நேரில் அளந்து போட்டவை அல்ல. பெரும்பாலானவை கணினி மாதிரிகள் கணக்கிட்டுச் சொன்னவை; கடல்மேல் சில, செயற்கைக்கோள் பார்த்துச் சொன்னவை. கணினி மாதிரியும் செயற்கைக்கோளும் பூமியை ஒரு விதமாகக் கட்டம் போட்டுப் பிரிக்கின்றன. திரையில் தெரியும் வரைபடம் வேறு விதமாகக் கட்டம் போட்டிருக்கிறது. முதல் கட்டத்தில் உள்ள காற்றை இரண்டாவது கட்டத்துக்கு மாற்றி எழுத வேண்டும். இந்த மாற்றும் வேலையைப் பற்றி வெளியில் பேசுபவர்கள் குறைவு. தவறாகச் செய்தாலும் வரைபடம் அழகாகவே இருக்கும் என்பதுதான் இதில் உள்ள ஆபத்து.

ஒரு சில பாகை பிசகினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். 2013 ஜூன் மாதத்தை நினைத்துப் பார்த்தால் விடை கிடைக்கும். ரியாவ் மாநிலத்தில் நிலங்கள் எரிந்தபோது ஜூன் 21ஆம் தேதி நண்பகலில் சிங்கப்பூரின் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 401ஐத் தொட்டது. இரண்டு நாள் கழித்து, 23ஆம் தேதி காலையில் மூவாரில் 746 பதிவானது. மூவாரிலும் லேடாங்கிலும் அவசரநிலை அறிவிக்கப்பட்டது. இரு நாடுகளும் குறியீட்டை ஒரே முறையில் கணக்கிடுவதில்லை. ஆகவே இரண்டு எண்களையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது. ஆனால் புகை எந்த ஊரை முதலில் மூடும், எந்த ஊரைப் பிறகு மூடும் என்பதைக் காற்றின் திசைதான் முடிவு செய்தது.

ரியாவின் கடலோர நகரமான டுமாயில் நின்று கிழக்கே பார்ப்பதாக வைத்துக்கொள்வோம். மூவார் சற்று இடப்பக்கம், அதாவது வடக்கே தள்ளித் தெரியும். சிங்கப்பூர் சற்று வலப்பக்கம், தெற்கே தள்ளித் தெரியும். இரண்டுக்கும் இடையே உள்ள கோணம் ஏறக்குறைய 25 பாகைதான். முழு வட்டம் 360 பாகை. அதில் பதினான்கில் ஒரு பங்கு திரும்பினால் ஒரு நாட்டின் புகை இன்னொரு நாட்டின் புகையாகிவிடுகிறது.

நேர் நிரையும் வளைந்த நிரையும்

கட்டம் என்றால் என்ன என்பதைத் தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு நீட்டி விளக்க வேண்டியதில்லை. சமதரையில் நட்ட பால்மரக் காட்டில் நிரைகள் நேராக ஓடும். பெரட்டில் பேர் கூப்பிட்டு நிரை கொடுத்தால், இன்னாருக்குப் பத்தாவது நிரை என்றவுடன் இடம் தெரிந்துவிடும். நிரைகளுக்கு நடுவே எத்தனை அடி, மரங்களுக்கு நடுவே எத்தனை அடி என்ற இரண்டு அளவு போதும். எந்த மரம் எங்கே நிற்கிறது என்று கிராணி கணக்குப் போட்டே சொல்லிவிடலாம். இதுதான் நேர்கோட்டுக் கட்டம். கிழக்கு மேற்காக ஒரு பட்டியல், வடக்கு தெற்காக ஒரு பட்டியல், வேலை முடிந்தது.

குன்றுப் பக்கம் போனால் கதை வேறு. அங்கே மண் அரிக்காமல் இருக்க ஒரே உயரத்தில் படித்தளம் வெட்டி, குன்றைச் சுற்றியே நடுவார்கள். நிரை வளைந்து வளைந்து போகும். பத்தாவது நிரை, முப்பதாவது மரம் என்று சொன்னால் அங்கே வேலை செய்பவருக்குப் புரியும். ஆனால் அந்த மரம் நில வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்பதை இரண்டு அளவை வைத்துச் சொல்ல முடியாது. ஒவ்வொரு மரத்துக்கும் அதன் அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டையும் தனித்தனியே எழுதி வைத்திருக்க வேண்டும். இது வளைகோட்டுக் கட்டம். வானிலைக் கோப்புகளில் அட்சரேகை ஒரு முழு அட்டவணையாகவும் தீர்க்கரேகை இன்னொரு முழு அட்டவணையாகவும் வருவது இதனால்தான். கோப்பைத் திறந்து பார்க்கும் மாணவர் முதலில் திகைக்கும் இடமும் இதுவே.

இனி முக்கியமான இடம். அதே குன்றில் நிற்கும் ஒருவரிடம், நிரை போகும் வழியாகவே வலப்பக்கம் நட என்று சொன்னால் அவர் எந்தத் திசையில் நடப்பார்? குன்றின் ஒரு பக்கத்தில் நின்றால் கிழக்கே நடப்பார். இன்னொரு பக்கத்தில் நின்றால் வடக்கே நடப்பார். வலப்பக்கம் என்ற சொல் மாறவில்லை, திசை மாறிவிட்டது. மரத்தின் இடத்தை நில வரைபடத்துக்குச் சரியாக மாற்றி எழுதிவிட்டு, அந்த ஆள் வலப்பக்கம் நடக்கிறார், வரைபடத்தில் வலப்பக்கம் என்றால் கிழக்கு, ஆகவே கிழக்கே போகிறார் என்று எழுதினால் அது தவறு. இடத்தை மாற்றினால் போதாது, அம்பையும் திருப்ப வேண்டும்.

வெப்பநிலைக்கோ மழைக்கோ இந்தத் தொல்லை கிடையாது. 31 டிகிரி வெப்பம் எந்தக் கட்டத்தில் எழுதினாலும் 31 டிகிரிதான். காற்றுக்கு மட்டும் வேகத்தோடு திசையும் உண்டு. வெப்பநிலையை மாற்றப் பழகியவர், அதே நிரலை அப்படியே காற்றுக்கும் ஓட்டிவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போவதுதான் வழக்கமாக நடக்கும் பிசகு.

ஒரு கணக்கு

உலகெங்கும் பல்கலைக்கழகங்களிலும் வானிலை நிலையங்களிலும் பயன்படும் கணினி மாதிரிகளில் ஒன்று டபிள்யூ.ஆர்.எஃப். யார் வேண்டுமானாலும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பூமியின் வளைந்த மேற்பரப்பைத் தட்டையான கட்டமாக விரிக்க அது சில வழிகளைத் தருகிறது. நிலநடுக்கோட்டை ஒட்டிய இடங்களுக்கு மெர்கேட்டர் என்ற விரிப்பு பொருந்தும். அதில் கட்டக்கோடுகள் அட்சரேகை, தீர்க்கரேகையோடு ஒன்றியே ஓடும். மலேசியாவை மட்டும் எடுத்துக் கணிக்கும்போது அம்பைத் திருப்பும் வேலை பெரும்பாலும் வராது. சீனா, ஜப்பான், கொரியா போன்ற நடு அட்சரேகை நாடுகளுக்கு லாம்பர்ட் என்ற கூம்பு விரிப்பைத் தேர்ந்தெடுப்பார்கள். அதில் தீர்க்கரேகைகள் விசிறிபோல் விரியும். நடுக்கோட்டில் மட்டும் கட்டத்தின் மேல்பக்கமும் உண்மையான வடக்கும் ஒன்றாக இருக்கும். அங்கிருந்து தள்ளிப் போகப் போக இரண்டும் பிரியும்.

கிழக்காசியா முழுவதற்கும் போட்ட ஒரு பெரிய லாம்பர்ட் கட்டம், தன் தென்மேற்கு மூலையில் தீபகற்ப மலேசியாவையும் சுமத்ராவையும் உள்ளடக்கி இருப்பதாக வைத்துக்கொள்வோம். நடுக்கோடு 125 பாகைத் தீர்க்கரேகை. கூம்பு பூமியை வெட்டும் இடங்கள் 30, 60 பாகை அட்சரேகைகள். இந்தக் கூம்புக்குரிய பெருக்கெண் 0.72க்குச் சற்றுக் குறைவு. டுமாய் 101.45 பாகையில் இருக்கிறது, நடுக்கோட்டிலிருந்து 23.55 பாகை மேற்கே. பெருக்கிப் பார்த்தால் கிட்டத்தட்ட 17 பாகை வருகிறது. டுமாயில் அந்தக் கட்டம் உண்மையான திசையிலிருந்து 17 பாகை சாய்ந்து கிடக்கிறது என்று பொருள்.

இப்போது மாதிரி சொல்கிறது: டுமாயில் காற்று கட்டத்தின் வலப்பக்கமாக மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது, மேல்பக்கமாக எதுவும் இல்லை. கட்டம் சாய்ந்திருப்பதால் அந்த வலப்பக்கம் உண்மையில் கிழக்கு அல்ல. கிழக்கிலிருந்து 17 பாகை வடக்கே திரும்பிய திசை அது. டுமாயிலிருந்து அந்தத் திசையில் கோடு இழுத்தால் சுமார் 130 கிலோமீட்டரில் மூவார். காற்று மாறாமல் வீசினால் புகை 13 மணி நேரத்தில் மூவாருக்கு வந்து சேரும்.

அம்பைத் திருப்ப மறந்தவருடைய வரைபடத்தில் அதே காற்று நேர் கிழக்கே போகும். டுமாயின் அட்சரேகை 1.68 பாகை. நேர் கிழக்கே அதே கோட்டில் போனால் மூவாரைத் தொடாமல் தெற்கே 40 கிலோமீட்டர் தள்ளி நீரிணையில் போய், ஒரு நாள் கழித்துக் கூலாயை எட்டும். பிறகு கோத்தா திங்கிப் பக்கம். மூவாரில் பள்ளியை மூட வேண்டிய நேரத்தில் கூலாயில் மூடச் சொல்லும் வரைபடம் அது.

மாதிரியில் பிழை இல்லை. அது காற்றைச் சரியாகத்தான் கணக்கிட்டது. வாசித்தவர் பிழை.

திருப்பும் கணக்கு கடினமானதும் அல்ல. மூன்றாம் படிவத்தில் படிக்கும் சைன், கொசைன் போதும். கட்டத்தின் வலப்பக்க வீச்சு 10. அதைக் கொசைன் 17ஆல் பெருக்கினால் கிழக்கு நோக்கிய பங்கு 9.6. சைன் 17ஆல் பெருக்கினால் வடக்கு நோக்கிய பங்கு 2.9. மேல்பக்க வீச்சும் இருந்தால் அதையும் இதேபோல் இரண்டாகப் பிரித்துச் சேர்க்க வேண்டும். ஆனால் அதன் சைன் பங்கு கிழக்கிலிருந்து கழிக்கப்படும். நான்காம் படிவக் கூடுதல் கணிதத்தில் வெக்டர் படித்த பிள்ளைக்கு இது ஒரு பயிற்சிக் கணக்கு அளவுதான். டபிள்யூ.ஆர்.எஃப். தன் கோப்பிலேயே ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய சைனையும் கொசைனையும் எழுதி வைத்துத் தருகிறது. எடுத்துப் பெருக்க வேண்டியதுதான் பாக்கி.

இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. சில கோப்புகளில் காற்று ஏற்கெனவே உண்மையான வடக்கு, கிழக்குக்குத் திருப்பி எழுதப்பட்டிருக்கும். அதைப் படிக்காமல் இன்னொரு தடவை திருப்பினால் முன்பு மறந்தவருக்கு எவ்வளவு பிசகோ அவ்வளவு பிசகு, எதிர்ப்பக்கமாக. கோப்போடு வரும் விளக்கக் குறிப்பில் இந்த ஒரு வரியைத் தேடிப் படிப்பது, பிறகு எழுதப் போகும் நூறு வரி நிரலை விட மேலானது.

பதினொன்றும் ஒன்றும்

கடிகாரத்தில் பதினொன்றுக்கும் ஒன்றுக்கும் நடுவே என்ன மணி? சிறு பிள்ளையும் பன்னிரண்டு என்று சொல்லும். கணினி சொல்லாது. பதினொன்றையும் ஒன்றையும் கூட்டிப் பாதியாக்கி ஆறு என்று சொல்லும்.

காற்றின் திசையிலும் இதுவே நடக்கிறது. வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு 0 அல்லது 360 பாகை. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளில் ஒன்று 350, மற்றொன்று 10 என்றால் இரண்டுமே ஏறக்குறைய வடகாற்றுதான். சராசரி எடுத்தால் 180. அது தென்காற்று! வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் திரங்கானு, கிளந்தான் கடலில் காற்று வடக்கை ஒட்டி வீசும் நாள்களில், இப்படிச் செய்த வரைபடத்தில் கடல் நடுவே சில அம்புகள் மட்டும் திடீரென்று எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். நல்ல வேளையாக இந்தப் பிழை கண்ணுக்குத் தெரிந்துவிடும். முன்பு சொன்ன 17 பாகைப் பிழை தெரியாது.

இதற்கு மருந்து, திசையைத் திசையாகவே வைத்துச் சராசரி எடுக்காமல் இருப்பது. காற்றைக் கிழக்கு நோக்கிய பங்கு, வடக்கு நோக்கிய பங்கு என்று முதலில் இரண்டாகப் பிரித்து, அந்தப் பங்குகளைப் புதிய கட்டத்துக்கு மாற்றி, கடைசியில் திரும்பச் சேர்த்துத் திசையைக் கண்டுபிடிக்க வேண்டும்.

பெயரிலும் ஒரு குழப்பம் உண்டு. வாடை வடக்கிலிருந்து வரும், தென்றல் தெற்கிலிருந்து வரும், கொண்டல் கிழக்கிலிருந்து, கோடை மேற்கிலிருந்து. காற்று எங்கிருந்து வருகிறதோ அந்தத் திசையை வைத்துத்தான் தமிழில் பெயர் இருக்கிறது. வானிலை ஆய்வாளர்களும் அப்படியே சொல்கிறார்கள். கணினி மாதிரி தரும் பங்குகளோ காற்று எங்கே போகிறது என்பதைக் காட்டுபவை. கடல் நீரோட்டத்தையும் போகும் திசையை வைத்தே சொல்வது வழக்கம். இதைக் கவனிக்காவிட்டால் அம்பு சரியாக 180 பாகை திரும்பிவிடும்.

நாலு பக்கத்தாரும் கொடுக்கும் பங்கு

திருப்பியாயிற்று, பங்காகப் பிரித்தாயிற்று. இனி இடம் மாற்ற வேண்டும். புதிய கட்டத்தின் புள்ளி பழைய கட்டத்தின் எந்தப் புள்ளியிலும் நேராக விழாது. நாலு புள்ளிகளுக்கு நடுவே எங்கோ விழும். அருகில் உள்ள புள்ளிக்கு அதிகப் பங்கு, தள்ளி உள்ளதற்குக் குறைந்த பங்கு என்று நாலிலிருந்தும் வாங்கிக்கொள்வதே வழக்கமான முறை.

ஓர் எடுத்துக்காட்டு. கீழ் இடது மூலையில் கிழக்குப் பங்கு 8, கீழ் வலது 12, மேல் இடது 10, மேல் வலது 14. புதிய புள்ளி இடப்பக்கத்திலிருந்து கால் பங்கு தூரத்திலும், உயரத்தில் பாதியிலும் இருக்கிறது. இடப்பக்க மூலைகள் இரண்டுக்கும் தலா 0.375, வலப்பக்க மூலைகள் இரண்டுக்கும் தலா 0.125. நாலையும் கூட்டினால் ஒன்று. பெருக்கிக் கூட்டினால் 3, 1.5, 3.75, 1.75, மொத்தம் 10.

நேர்க் கட்டத்தில் கால் பங்கு தூரம் என்பதை அடிக்கோல் வைத்தே சொல்லிவிடலாம். வளைந்த கட்டத்தில் அந்த நாலு மூலைகளும் சதுரமாக இருக்காது. எந்த நாலு மூலைகளுக்குள் இந்தப் புள்ளி விழுந்திருக்கிறது என்று தேடுவதே முதல் வேலை. விழுந்த இடம் கால் பங்கா, மூன்றில் ஒன்றா என்று திரும்பத் திரும்பக் கணக்கிட்டு நெருங்குவது இரண்டாவது வேலை. லட்சக்கணக்கான புள்ளிகளுக்கு இதைச் செய்ய வேண்டும். அமெரிக்காவின் லாஸ் அலமாஸ் ஆய்வுக்கூடத்தில் பிலிப் ஜோன்ஸ் 1999இல் வெளியிட்ட முறையை ஒட்டிய நிரல்கள் இன்றும் இதற்குப் பயன்படுகின்றன. ஜெர்மனியின் ஹம்பர்க் நகரிலுள்ள மேக்ஸ் பிளாங்க் வானிலை நிறுவனம் தரும் சி.டி.ஓ. என்ற மென்பொருளில் இது ஒரே கட்டளை. கட்டம் மாறாத வரை பங்குக் கணக்கை ஒரு தடவை போட்டுச் சேமித்துக்கொண்டால், அடுத்தடுத்த நாள்களின் காற்றுக்கும் அதையே பயன்படுத்தலாம். பழைய கணினி வைத்திருக்கும் மாணவருக்கு இது பெரிய உதவி.

ஆனால் அந்த ஒரே கட்டளை, அம்பைத் திருப்பினாயா என்று எல்லா நேரமும் கேட்காது. கொடுத்த எண்ணை மாற்றித் தரும், அவ்வளவுதான்.

இதற்கும் முன்னால் ஒரு சிறு வேலை இருக்கிறது. பல மாதிரிகள் காற்றின் இரண்டு பங்குகளையும் ஒரே இடத்தில் வைப்பதில்லை. கட்டத்தை ஒரு சதுர அறையாக நினைத்தால், வலம் இடமாக ஓடும் காற்று பக்கச் சுவர்களிலும், மேல் கீழாக ஓடும் காற்று முன் பின் சுவர்களிலும் எழுதப்பட்டிருக்கும். கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் அகியோ அரகாவா வகுத்த அமைப்புகளில் இது ஒன்று. காற்றழுத்தத்தையும் காற்றையும் சேர்த்துக் கணக்கிடும்போது பிசகு குறையும் என்பதற்காக அப்படி வைத்தார்கள். திருப்புவதற்கு முன் இரண்டு பங்குகளையும் அறையின் நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். எதிரெதிர்ச் சுவர்களின் சராசரி எடுத்தால் போதும். ஆக, வரிசை இது: நடுவுக்குக் கொண்டுவா, திருப்பு, பிறகு இடம் மாற்று. வரிசை கலைந்தால் விடையும் கலையும்.

கடல்மேல் சாய்ந்த பட்டை

மேற்சொன்ன லாம்பர்ட் கட்டம் மலேசியாவுக்குச் சற்றுத் தூரத்து விவகாரம். செயற்கைக்கோள் காற்று அப்படியல்ல, தென்சீனக் கடல்மேல் நாள்தோறும் வருவது. ஐரோப்பாவின் மெட்டாப் செயற்கைக்கோள்களில் உள்ள அஸ்காட் என்ற ரேடார், கடல் மேற்பரப்பின் சிற்றலைகள் எவ்வளவு சொரசொரப்பாக இருக்கின்றன என்று பார்த்துக் காற்றைக் கணிக்கிறது. அது போகும் பாதைக்கு இரண்டு பக்கமும் 550 கிலோமீட்டர் அகலத்தில் ஒவ்வொரு பட்டை. நடுவில் ஒன்றும் தெரியாத இடைவெளி. முதல் செயற்கைக்கோள் 2006இலும், பிறகு 2012இலும் 2018இலும் ஏவப்பட்டன.

செயற்கைக்கோள் துருவத்திலிருந்து துருவத்துக்குப் போனாலும் நேர் வடக்கு தெற்காகப் போவதில்லை. அதன் பாதையே சற்றுச் சாய்ந்தது. கீழே பூமியும் சுழல்கிறது. இரண்டும் சேர்ந்து, நிலநடுக்கோட்டுக்கு அருகே அந்தப் பட்டை வடக்கிலிருந்து 12, 13 பாகை சாய்ந்து விழுகிறது. புள்ளிகள் எல்லாம் அந்தச் சாய்விலேயே வரிசையாக நிற்கும். ஆகவே இதுவும் வளைகோட்டுக் கட்டமே. இங்கே ஒரு வேறுபாடு: காற்றின் திசையை உண்மையான வடக்கை வைத்தே எழுதித் தருகிறார்கள். இடத்தை மாற்ற வேண்டும், அம்பைத் திருப்பக் கூடாது.

பட்டைக்கு வெளியே தரவு இல்லை. அந்த இடத்தை வெற்றாக விடவேண்டும். சில நிரல்கள் கடைசிப் புள்ளியை இழுத்து நீட்டி இடைவெளியை நிரப்பிவிடும். பார்க்க முழுமையாக இருக்கும், பாதி கற்பனை. தரவு இல்லாத புள்ளிகளைக் கோப்பில் ஏதாவது ஒரு பெரிய எண்ணால் குறித்திருப்பார்கள். அதையும் காற்று என்று எண்ணிச் சராசரியில் சேர்த்தால் கரையோரமெங்கும் நம்ப முடியாத வேகம் கிடைக்கும். கரையை ஒட்டி நிலத்தின் எதிரொலி கலந்துவிடுவதால் இந்த ரேடாருக்கு அங்கே பார்வை குறைவு. மலாக்கா நீரிணை போன்ற ஒடுங்கிய கடலில் அதன் புள்ளிகள் கொஞ்சமாகவே கிடைக்கின்றன. கரையிலிருந்து சில மைல் தள்ளி வலை போடுபவருக்கு இந்த வரைபடத்தை மட்டும் காட்டி, காற்று இல்லை என்று சொல்வது சரியாகாது.

கட்டம் எவ்வளவு பெரிது என்பதும் பார்க்க வேண்டியது. 2001 டிசம்பர் 27இல் வமேய் என்ற புயல் ஜொகூரின் தென்கிழக்குக் கரையில் ஏறியது. நிலநடுக்கோட்டிலிருந்து ஒன்றரைப் பாகைக்குள் புயல் உருவாகும் என்று அதற்கு முன் யாரும் எதிர்பார்த்ததில்லை. அது சிறிய புயல். சிறிய சுழலை 100 கிலோமீட்டர் கட்டத்துக்கு மாற்றினால், ஒரு பக்கம் வடக்கே வீசும் காற்றும் மறுபக்கம் தெற்கே வீசும் காற்றும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு, நடுவில் இளங்காற்று வீசுவதாகத் தெரியும்.

விடியற்காலையில் நீரிணையைக் கடந்து வரும் சுமத்ராஸ் எனப்படும் சூறைக்காற்றிலும் இதே சிக்கல்தான். முன்பக்கம் மேற்கிலிருந்து 40 கிலோமீட்டர் வேகம், எதிரே கிழக்கிலிருந்து 10 என்றால், பங்குகளின் சராசரி 15. திசைக்கு அது சரி. படகுக்காரருக்கு எச்சரிக்கை கொடுக்க அது உதவாது. வேகத்தைத் தனியே இன்னொரு முறை மாற்றி எடுத்து வைத்துக்கொள்வது இதற்காகத்தான்.

மழைக்கும் புகையின் அளவுக்கும் வேறு முறை வேண்டும். பழைய கட்டத்தில் மொத்தம் எவ்வளவு மழை பெய்ததோ அதே மொத்தம் புதிய கட்டத்திலும் வர வேண்டும். இல்லையென்றால் ஆற்றில் வரும் வெள்ளக் கணக்கு தவறும். அதற்குப் பரப்பளவை வைத்துப் பங்கு பிரிக்கும் முறைகள் உண்டு. காற்றின் அம்புக்கு நாலு மூலை முறையே பெரும்பாலும் போதும்.

சரிதானா என்று எப்படிப் பார்ப்பது?

பட்டயப் படிப்பிலோ பட்டப் படிப்பிலோ இதைச் செய்யும் பிள்ளைகளுக்கு, மேற்பார்வையாளரிடம் போவதற்கு முன் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. எளியது வேகச் சோதனை. திருப்புவதற்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு புள்ளியிலும் வேகம் மாறாமல் இருக்க வேண்டும். மேற்சொன்ன கணக்கில் 9.6ஐயும் 2.9ஐயும் வர்க்கம் போட்டுக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 10தான் வருகிறது. வேகம் மாறினால் சைனையும் கொசைனையும் எங்கோ மாற்றிப் போட்டாயிற்று. ஆனால் கோணத்தை எதிர்ப்பக்கம் திருப்பியிருந்தாலும் வேகம் மாறாது. அதனால் இந்தச் சோதனை மட்டும் போதாது.

அதைவிட நல்லது பொய்க்காற்றுச் சோதனை. எல்லாப் புள்ளியிலும் மேற்கிலிருந்து கிழக்கே 10 கிலோமீட்டர் என்று ஒரு பொய்க்காற்றை எழுதி, அதை வளைந்த கட்டத்தின் கணக்குக்கு மாற்றி, பிறகு தன் நிரலில் ஓட்டிப் பார்ப்பது. வெளியே வரும்போதும் எல்லாப் புள்ளியிலும் மேற்கிலிருந்து கிழக்கே 10 என்றே வர வேண்டும். நடுக்கோட்டில் சரியாக வந்து ஓரங்களில் அம்புகள் விசிறிபோல் விரிந்தால், திருப்பும் வேலை நடக்கவில்லை. இரண்டு மடங்கு விரிந்தால், எதிர்ப்பக்கம் திருப்பியாயிற்று.

கடைசியாக உண்மையான ஓர் இடத்தோடு ஒப்பிட வேண்டும். சிப்பாங் விமான நிலையமும் சாங்கி விமான நிலையமும் நாள் முழுவதும் தொடர்ந்து காற்றின் திசையையும் வேகத்தையும் அறிவிக்கின்றன. இந்த அறிக்கைகளில் திசை உண்மையான வடக்கை வைத்தே சொல்லப்படுகிறது. இணையத்தில் எவரும் பார்க்கலாம். ஒரு நாள் பொருந்தாவிட்டால் மாதிரியின் தவறாக இருக்கலாம். கடற்காற்று, மலைக்காற்று என்று உள்ளூர்க் காரணங்களும் உண்டு. புகை சில நூறு மீட்டர் உயரத்தில் பயணம் செய்யும்போது தரையில் அளந்த காற்றோடு ஒத்துப்போகாமலும் இருக்கலாம். ஆனால் ஒரு மாதக் காற்றை எடுத்துப் பார்த்து, எல்லா நாளும் ஒரே பக்கமாகப் பதினைந்து, பதினேழு பாகை தள்ளி இருந்தால், வானத்தைக் குறை சொல்ல வேண்டாம். திருப்பும் வரி நிரலில் இருக்கிறதா என்று திறந்து பார்க்க வேண்டும்.